துளசி மட்டும் மணந்த கை

பெருமாள் கோயிலுக்குப் போய்வந்ததாகச் சொல்லி மருமகள் துளசியை நீட்டினாள். கையில் தீர்த்தத்தின் பச்சைக் கற்பூர வாசனை இல்லை. எனக்குச் சந்தேகம் தட்டியது.

அறுபதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, புருஷனை இழந்து ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்த அத்தையின் கையையும் இப்படித்தான் மோந்து பார்ப்பேன். தினமும் கடையில் வாங்கிய துளசியின் வாசனை மட்டும்தான். "கல்லைக் கும்பிட்டாச்சா?" என்று கறுப்புச் சட்டைக்கார அப்பா தங்கையைக் கேலி செய்வார்.

ஒருநாள் பின்னாலேயே போனேன். கோயில் பக்கம் திரும்பாமல் அம்மா மண்டபத்துக்குப் போய், காவிரியில் கால் நனைத்தபடி வேர்க்கடலை தின்றாள் அத்தை.

"சாமி கும்பிடலையா அத்தை?"

"நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சுடி. உங்கப்பா அதை மேடை ஏறிச் சொல்லலாம். நான் கோயிலுக்குன்னு சொன்னாத்தான் வெளியவே விடுவாரு."

மருமகள் முகத்தைப் பார்க்காமல் துளசியை வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்கும் போயிட்டு வாம்மா."