முதுகு பேசுது

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கணீர். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். அவளுடைய அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். அவர் தெருமுனையில் 'தக்காளி' என்றால் நான்காம் மாடியிலிருந்து கூடை இறங்கும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் வண்டியும் தராசும் அவள் கைக்கு வரவில்லை. தொண்டை மட்டும் அப்படியே வந்துவிட்டது.

அந்தத் தொண்டையை நம்பித்தான் ஆண்டுத் தொடக்கத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். காது சரியாகக் கேட்காத ஒரு சிறுமியை யாரிடம் விடுவது என்று தலைமையாசிரியர் கேட்டதும், மற்ற டீச்சர்கள் எல்லாம் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். இவள் கையைத் தூக்கினாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பில் தேறியவள் ஆயிற்றே.

"கேக்கலன்னா கொஞ்சம் சத்தமா சொல்லிட்டாப் போச்சு சார்."

தலைமையாசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். அரையாண்டுக்குள் சிறுமி பாடத்தைப் பின்தொடரவில்லை என்றால் வேறு ஊரில் இருக்கும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். சிறுமியின் அம்மா மருத்துவமனை சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். மகளை விடுமுறைக்கு மட்டும் பார்ப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டீச்சரை நம்பித் தலையாட்டினாள்.

சிறுமி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாடம் ஆரம்பித்ததும் காதுக்குப் பின்னால் இருந்த கருவியைத் தொட்டு ஏதோ சரிசெய்வாள். என்ன கவனம் என்று டீச்சருக்கு மனம் குளிரும். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டே, பலகையே செவிடாகும்படி விளக்குவாள். திரும்பிப் பார்த்தால் சிறுமி மரியாதையாகச் சிரிப்பாள். கேள்வி கேட்டால் அதே சிரிப்பு. எனவே டீச்சர் சத்தத்தைக் கூட்டினாள். பக்கத்து அறையில் ஐந்தாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பாடத்தை இன்னொரு முறை ஐயம் திரிபறக் கற்றுக்கொண்டது.

அரையாண்டு நெருங்கியபோது சிறுமியின் அம்மா வந்து நின்றாள். "வீட்டுல நான் வாய்க்குள்ள முணுமுணுத்துத் திட்டினாக்கூட அவளுக்குத் தெரிஞ்சுடுது டீச்சர். இங்க மட்டும் என்ன ஆகுது?"

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு டீச்சர் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் முதல் வகுப்பு வாங்கியது பாடம் நடத்தியதற்கா, பாடம் நடத்துவதைப் பற்றி எழுதியதற்கா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். யோசித்ததன் பலன், மறுநாள் இரண்டு மடங்கு கத்தினாள். அதற்கு மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது.

தேர்வு வந்துகொண்டிருந்ததால் விடுப்பு எடுக்க மனமில்லை. வகுப்பைப் பார்த்து நின்று வாயை அசைத்தாள். ஏதோ வேடிக்கை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது முதல் பெஞ்சிலிருந்து இழுத்து இழுத்து ஒரு குரல் வந்தது.

"கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்றாங்க."

வகுப்பு அடங்கிப்போயிற்று. டீச்சர் மறுபடி வாயை அசைத்தாள்.

"மூணாவது கணக்கு. பென்சில்ல போடணுமாம். ஜன்னல் பக்கத்துல பேசுறது யாருன்னு கேக்குறாங்க."

ஜன்னல் பக்கம் நடுங்கியது. அன்று பாடம் முழுவதும் சிறுமியின் வாய் வழியாகத்தான் நடந்தது. நடுவே, எல்லாரும் கைகட்டி உட்கார வேண்டும் என்று டீச்சர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். டீச்சர் கண்டுகொள்ளவில்லை.

மணி அடித்த பிறகு, சிறுமியின் கருவியைக் காட்டி, தினமும் அதை ஏன் தொடுகிறாய் என்று உதட்டை அசைத்துக் கேட்டாள். சிறுமி சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள்.

"நிறுத்தி வைக்கிறதுக்கு டீச்சர். நீங்க கத்தினா உள்ள கொரகொரன்னு வலிக்குது. வாயைப் பாத்தா எனக்குப் போதும். நீங்கதான் முதுகைக் காட்டுறீங்க."

டீச்சர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

முதலில் எழுது, பிறகு திரும்பு, பிறகு மெதுவாகப் பேசு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. குரல் திரும்பிய அன்றே பழக்கமும் திரும்பிவிட்டது. கடைசியில் பிள்ளைகளிடமே அதிகாரத்தைக் கொடுத்தாள். அவள் பலகையோடு பேசினால் யார் வேண்டுமானாலும் 'முதுகு பேசுது' என்று சொல்லலாம். டீச்சரைத் திருத்தும் வாய்ப்புக்காகவே கடைசி பெஞ்சுகூடக் கண்கொட்டாமல் கவனித்தது. போகிற போக்கில் பாடமும் கொஞ்சம் ஏறியது. டீச்சரின் அப்பாதான் மனமுடைந்தார்.

"இந்தத் தொண்டையை வச்சுத்தானேம்மா உன்னைப் படிக்க வச்சேன். நீ அதை மூடி வச்சுட்டா பாடம் நடத்துற?"

அரையாண்டில் தலைமையாசிரியரே வகுப்புக்கு வந்தார். சாக்பீஸை எடுத்துப் பலகைப் பக்கம் திரும்பி, ஒரு கழித்தல் கணக்கை எழுதிக்கொண்டே, எப்படிப் போடுவாய் என்று சிறுமியைக் கேட்டார். சிறுமி அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தாள். டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாய் திறந்தால் எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

"சார், முதுகு பேசுது," என்றது ஜன்னல் பக்கம்.

அவர் திரும்பி, கோபப்படலாமா என்று யோசித்துவிட்டு, கேள்வியை மறுபடி கேட்டார். சிறுமி எழுந்து வந்து, பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கிக் கணக்கை முடித்தாள். பிறகு அவரைப் பார்த்து, கைகட்டி உட்கார்ந்தாள்.

"இவ இங்கயே இருக்கட்டும்மா," என்றார் தலைமையாசிரியர், அப்போதும் டீச்சரைப் பார்க்காமல் கதவைப் பார்த்தபடி.

ஓவென்று கத்த வகுப்பு முழுவதும் வாயைத் திறந்தது. டீச்சர் அவசரமாக உதட்டில் விரலை வைத்தாள்.