சந்தனம்மாள் யாருடைய ஆள்

அருப்புக்கோட்டை பந்தல்குடி ரோட்டிலிருக்கும் அந்தச் சிக்கன் கடையின் பெயர் சென்னைக் கம்பெனி ஒன்றுடையது. மசாலா, டப்பா, சட்டை, தொப்பி எல்லாம் அங்கிருந்துதான் வரும். அந்தப் பெயரில் கடை நடத்தும் பிரான்சைஸ் உரிமையை எடுத்தவர் வீரசோழன் ஊர்க்காரர் இனாயத்துல்லா. அவர் இருப்பது துபாயில். ஏழு வேலையாட்களை வைத்துக் கடையை ஓட்டுபவள் மேனேஜர் அனுசியா.

நாற்பத்து மூன்று வயது. கடை திறக்கும் முன்பே அவளுக்கு அலுத்துவிடும். யார் லீவு, யாருக்கு யாரோடு சண்டை, திருச்சுழி பஸ் வந்ததா என்று போனிலேயே பாதி உயிர் போய்விடும். "அந்த ஏழு பேரையும் நீயா பெத்த?" என்பார் வீட்டுக்காரர் பால்ச்சாமி.

ஏழு பேரில் மூத்தவள் சந்தனம்மாள். மழை பொய்த்துக் காட்டு வேலை அற்றுப்போனபின், திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி எண்ணெய்ச் சட்டி முன் நிற்க வந்தவள். அடுப்படியில் ஷூ போட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அவர்கள் அனுப்பியது அவள் காலுக்குச் சின்னது, விரலெல்லாம் புண். பெரிய அளவு கேட்டு அனுசியா மூன்று முறை மெயில் போட்டாள். பதிலில்லை. "புண்ணு ஆறுற வரைக்கும் செருப்போட நில்லுங்க மதினி" என்று அனுசியாதான் சொன்னாள்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டம் நெரித்த அன்று, சட்டியிலிருந்து தூக்கிய கம்பிக் கூடை சரிந்து, கொதித்த எண்ணெய் சந்தனம்மாளின் பாதத்தில் கொட்டியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அனுசியா அவள் காலைக் குழாயடியில் நீட்டவைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

மறுநாள் கம்பெனி அதிகாரி பாண்டீஸ்வரன் மதுரையிலிருந்து வந்தார். வேலையாட்கள் கடைக்காரரின் ஆட்கள், கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று ஒப்பந்தத்தைக் காட்டினார். இனாயத்துல்லாவோ போனில், துபாயில் உட்கார்ந்துகொண்டு யார் காலைப் பார்ப்பது, அதற்குத்தானே மேனேஜர் என்றார். பாண்டீஸ்வரன் ஒரு தாளை நீட்டினார். சொல்லியும் கேளாமல் சந்தனம்மாள் ஷூவைக் கழற்றினாள் என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தொந்தரவில்லையாம்.

"அவுகளா கழட்டல சார். நான்தான் சொன்னேன். நீங்க ஷூ அனுப்பல."

அப்படி எழுதினால் அனுசியாவின் வேலைக்குத்தான் ஆபத்து என்றார் அவர். அனுசியா தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். மெயில் போட்ட மூன்று தேதிகளையும் சேர்த்தாள்.

அந்தத் தாளைப் போட்டோ எடுத்து இனாயத்துல்லாவுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்து அவர் கூப்பிட்டு, "வைத்தியத்த நான் பாத்துக்கிறேம்மா. அவுக வர்ற வரைக்கும் சம்பளத்த நிறுத்திராதீக" என்றார். கம்பெனியிலிருந்து அனுசியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஷூவைப் பற்றி அதில் ஒரு வரியுமில்லை.

நாற்பது நாள் கழித்துச் சந்தனம்மாள் நொண்டிக்கொண்டே வந்தாள். பார்சல் கட்டும் மேசையருகே ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்தாள் அனுசியா.

"தப்ப எம்பேர்ல எழுதிருந்தா உங்களுக்கு இம்புட்டுச் செரமம் இல்லயே?"

"இருந்திருக்கும் மதினி. இதவிடக் கூட."

எண்ணெய்ச் சட்டிக்கு வேறு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மதியக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. அனுசியா தொப்பியை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.