கோடு என் மேல ஏறிக்கிச்சு

கல்லூரியில் நான் கூடைப்பந்து ஆடினேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பொன்னேரியில் படித்த மூன்று வருடமும் அணியில் இருந்தேன். ஆனால் பெஞ்சில் இருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் கோச் நடுவரைத் திட்டிக்கொண்டே இருப்பார். அந்தத் திட்டுகளைக் கேட்டுக் கேட்டே எனக்கு விதிகள் மனப்பாடமாகிவிட்டன.

கல்யாணமாகிப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்கு வந்த பிறகு இந்தப் பெருமையை ஒருநாள் வாய்தவறி என் கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன். அவன்தான் எங்கள் குப்பத்து அணிக்குக் கேப்டன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என் கழுத்தில் விசில் தொங்கியது.

எங்கள் மைதானம் என்பது புயல் பாதுகாப்பு மையத்துக்கு முன்னால் உள்ள சிமெண்டுத் தளம். கூடைக் கம்பம் ஒன்றுதான். இன்னொன்றைப் புயல் சாய்த்துவிட்டது. அதனால் இரண்டு அணியும் ஒரே கூடையில்தான் போடவேண்டும். மற்ற நாட்களில் அந்தத் தளத்தில் நெத்திலி காயும். தரையில் போட்ட கோடுகளெல்லாம் உப்பில் எப்போதோ கரைந்துபோய்விட்டன. எதிர்க்கரைக் குப்பத்துப் பையன்களோடு பந்தயம் என்று முடிவானதும், மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பதிலாக என் கொழுந்தன் வலைக்குக் கட்டும் நைலான் கயிற்றை அரைவட்டமாகப் போட்டு, அங்கங்கே டேப் ஒட்டினான். கயிற்றுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று. உள்ளே நின்றோ கயிற்றை மிதித்தோ போட்டால் இரண்டு. பரிசு ஓர் ஆட்டுக்கடா. அதைக் கம்பத்திலேயே கட்டியிருந்தார்கள். நான்தான் அவிழ்த்து வேறு பக்கம் கட்டச் சொன்னேன். நடுவராக நான் சொல்லி எல்லோரும் கேட்ட முதல் வார்த்தை அதுதான். கடைசி வார்த்தையும் அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

எதிர்க்கரைக்காரர்கள் படகில் வந்து இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கியது. பாதி ஆட்டத்தில் அவர்கள் கேப்டன் கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு பந்தை வீசினான். மேலே போகும்போதே, நெத்திலி வாசனைக்கு வந்த ஒரு காக்கையின் மேல் பட்டது. காக்கை கத்திக்கொண்டு ஒரு பக்கம் போக, பந்து திசை மாறிக் கூடைக்குள் விழுந்தது. நான் மூன்று விரலைக் காட்டினேன்.

கொழுந்தன் ஓடிவந்தான். "அண்ணி, இன்னா அண்ணி இது? அது நம்ம ஊரு காக்கா. நம்ம ஆளு தடுத்தா மாதிரிதான?"

"நடுவர்னு கூப்பிடு. நம்ம ஆளு கை மேலேயே பட்டு உள்ள போயிருந்தாலும் மூணுதான். எங்கிருந்து போட்டான்னுதான் பாக்கணும்."

"அப்ப காக்காவுக்கு மரியாதயே கெடையாதா?"

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் என் மாமியாரும் உண்டு. "நம்ம வூட்டுச் சோத்தத் துன்னுட்டு அவனுங்களுக்கு வேல செய்யுது" என்றார். காக்கையைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கடைசி நிமிடத்தில் நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து கொழுந்தன் கையில். கயிற்றுக்கு வெளியே நின்று குறிபார்த்தான். வெறுங்கால். டேப் எப்போதோ பிய்ந்துவிட்டிருந்தது. கட்டைவிரல் கயிற்றுக்கு அடியில் நுழைந்தது எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. எம்பினான். கயிறும் கூடவே எம்பியது. பாதி மூன்று புள்ளிக் கோடு அவன் கணுக்காலில் தொங்க, பந்து கூடைக்குள் போயிற்று.

மூன்று என்றால் எங்களுக்கு வெற்றி. இரண்டு என்றால் சமம், கூடுதல் நேரம் ஆடவேண்டும். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் இரண்டு விரலைக் காட்டினேன்.

"ரெண்டா? ஏன்?"

"கோட்ட தொட்டுக்கினு எம்பின."

"நான் எங்க தொட்டேன்? கோடு என் மேல ஏறிக்கிச்சு!"

எதிரணிக் கேப்டன் எனக்கு ஆதரவாக வருவான் என்று நினைத்தேன். அவனோ கரையில் கிடந்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, மூணே குடுத்துடுங்க. தண்ணி வத்துது. இன்னும் கொஞ்ச நேரம் ஆடுனா படகு சேத்துல ஒக்காந்துடும். நாங்க தோத்துட்டோம்னே வெச்சுக்கோங்க."

"தோக்கலியே. சமம்."

"எங்களுக்குச் சம்மதம் அக்கா."

என் மாமியார் எழுந்து வந்தார். "ரெண்டு ஊருக்காரனும் மூணுனு ஒத்துக்கினாங்க. நடுவுல நீ இன்னா ரெண்டு, ரெண்டுனு?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றதை எப்படி விட்டுக்கொடுப்பது? கோச்சுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், மூணு பாயிண்ட் லைன் கால்ல மாட்டிக்கினு கூடவே வந்துட்டா, ரெண்டா மூணா?"

"லைன் எப்படிம்மா கால்ல மாட்டும்?"

"கயிறு சார்."

"நீ நல்லா இருக்கியாம்மா? வூட்ல எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்களா?" என்றார். எல்லோரும் கேட்டார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

"எம்பறப்ப கால் எங்க இருந்ததோ அதான் கணக்கு. ரெண்டுதான். படகு நிக்குது, கூடுதல் நேரம் வேணாம். அடுத்து யார் மொதல்ல போட்டாலும் அவங்க ஜெயிச்சாங்க. ஆடுங்க!" என்று கயிற்றை நானே திரும்ப இழுத்துப் போட்டுவிட்டு விசில் அடித்தேன்.

பந்து எதிரணிக்குக் கிடைத்தது. தோற்றுவிட்டுப் படகுக்கு ஓடும் அவசரத்தில், அவர்கள் கேப்டன் கூடையைப் பார்க்கக்கூட இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்றபடி, குப்பையை வீசுவதுபோலப் பந்தைப் பின்பக்கமாக எறிந்துவிட்டுப் படகை நோக்கி நடந்தான். பலகையில் கூடப் படாமல் அது கூடைக்குள் இறங்கியது.

அவன் திரும்பிப் பார்த்தான். "ஐயய்யோ" என்றான்.

அதற்குள் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கடா வேறு ஏற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நின்றது. கடைசியில் இரண்டு அணியும் முழங்கால் சேற்றில் இறங்கிப் படகைத் தள்ள, என் மாமியார் கடாவைப் பின்னாலிருந்து தள்ளினார். என் கொழுந்தன்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தள்ளினான். அவர்கள் போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்திருக்கும். படகு நகர்ந்ததும் தூரத்திலிருந்து அவர்கள் கேப்டன் கத்தினான்: "அக்கா, கடசியா போட்டது ரெண்டா, மூணா?"

"மூணு!" என்று நானும் கத்தினேன். படகில் ஒரே கும்மாளம். கடாவும் கத்தியது.

கொழுந்தன் சில நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில், படகுக்கு அடிக்கும் நீலப் பெயிண்டை எடுத்துப்போய்த் தளத்தில் அழியாத கோடு ஒன்று போட்டான். போய்ப் பார்த்தேன். அரைவட்டம் சுமாராக வந்திருந்தது. இடதுபக்கம் ஓரிடத்தில் மட்டும், அவன் எப்போதும் நின்று எம்பும் இடத்தில், கோடு கூடைப்பக்கமாக நன்றாக உள்வாங்கி வளைந்திருந்தது. கைகொட்டிச் சிரித்துவிட்டேன். ஆனால் விதிப்படி என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே நின்று அவன் போடுவதற்கெல்லாம் மூன்று விரலைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.