தூத்துக்குடி வெயிலில் ஒரு தண்ணீர் மேசை

உப்பளத்தையும் முந்திரி மக்ரூனையும் எதிர்பார்த்து இந்தப் பதிவைத் திறந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் வரும். போன செப்டம்பரில் நான் தூத்துக்குடிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல, கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டிக்காக. மதுரையில் ஒரு கல்லூரி அணிக்கு நான் பிசியோதெரபிஸ்ட். சுளுக்கு, தசைப்பிடிப்பு, வெயில் மயக்கம் எல்லாம் என் பொறுப்பு. கல்லூரியில் எனக்குப் பெயர் 'மசாஜ் மேடம்'. திருத்தித் திருத்தி வாய் வலித்ததால் விட்டுவிட்டேன். அணியோடு இந்தப் பக்கம் வரப்போகிற ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் உடற்கல்வி இயக்குநர், எல்லோருக்கும் வெறும் 'சார்', படித்தாலும் சந்தோஷம்.

மாட்டுத்தாவணியில் மதியம் இரண்டு மணிக்கு அரசுப் பேருந்து ஏறினோம். நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். எட்டயபுரம் தாண்டியதும் சன்னலோரம் உட்காராதீர்கள், மாலை வெயில் முகத்தில் அறையும். நான் உட்கார்ந்து அனுபவித்தேன். பக்கத்தில் நஸ்ரின். இரண்டாம் ஆண்டு மாணவி, சொந்த ஊர் காயல்பட்டினம், ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்கு முந்தின வருடம் இதே ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் சுருண்டு விழுந்தாள். உடம்பில் தெம்பு இல்லை என்று சார் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார். இந்த முறை முதல் மூன்று இடத்துக்குள் வராவிட்டால் ஒதுக்கீடு போய்விடும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியும் வைத்திருந்தார்.

"வாப்பா சவூதி தம்மாம்லேர்ந்து ஃபோன் போட்டாங்க. இந்தத் தடவயும் விழுந்தா, ஓடுனது போதும், வீட்டுக்கு வான்னுட்டாங்க மேடம்" என்றாள். பிறகு சிரித்தாள். "எங்க தெருவுல ரெண்டு பைக்கு எதிரெதிரா வந்தாலே நெருக்கடி. அங்கன போயி நான் எங்க ஓட?"

அவள் ஏன் விழுந்தாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சாருக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டி நாளில் விடிந்ததிலிருந்து ஓட்டம் முடியும்வரை யாரும் தண்ணீர் தொடக் கூடாது. குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளுமாம். காலையில் ஒரு சாக்குப் பையோடு அறை அறையாக வந்து பாட்டில்களை வாங்கிக்கொள்வார். பதிலுக்கு உள்ளங்கையில் ஒரு கரண்டி குளுக்கோஸ் தூள் கொட்டுவார், நக்கிக்கொள்ள வேண்டியதுதான். இவர் மட்டுமல்ல, இவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இப்படி, பக்கத்துக் கல்லூரிக்காரரும் இப்படி. குளிர்ந்த விடியற்காலையில் ஓடினால் இந்தக் கூத்து எப்படியோ தப்பித்துவிடும்.

பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் விடுதி, மூன்று பேர் அறைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். மைதானத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டியவர் சேவியர் அண்ணாச்சி. "செப்டம்பர்னு நெனச்சி வாராவ எல்லாரும். இங்கன வெயிலுக்கு மாசம் தெரியாதுக்கா" என்றார். ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஆட்டோவை வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டார்.

காலை ஆறரைக்கு ஓட்டம் என்று போட்டிருந்தார்கள். ஆனால் சிறப்பு விருந்தினர் கொடியசைத்துத் தொடங்கிவைக்க வேண்டுமே! அவர் வந்தபோது மணி பத்து. பொன்னாடை, நினைவுப் பரிசு, பேச்சு. பேச்சில் இளைஞர்களின் உடல்நலம் பற்றிக் கவலை வேறு பட்டார், பந்தலுக்குள் மின்விசிறிக்கு அடியில் நின்றுகொண்டு. பதினான்கு பெண்கள் நாலு மணி நேரம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் செம்மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். நஸ்ரினின் உதடு வெடித்திருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

நேராக ரெஃப்ரியிடம் போனேன். வெயில் கடுமையாக இருந்தால் ஐயாயிரம் மீட்டருக்குத் தண்ணீர் வைக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறதே என்றேன்.

"இருக்கு மேடம். ஆனா இதுவரைக்கும் இங்க யாரும் கேட்டதில்லையே" என்றார் அவர். யோசித்தார். "வைங்க. எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். உங்க பிள்ளைக்கு மட்டும்னா அவள வெளிய எடுத்துருவேன். கையில எடுத்துக் கொடுக்கவும் கூடாது."

கொடி அசையக் கால் மணி நேரம் இருந்தது. சேவியர் அண்ணாச்சி ஆட்டோவை எடுத்துக்கொண்டு பறந்தார். இரண்டு கேன் தண்ணீர், காகிதக் குவளைகள், டீக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு பொட்டலம் உப்பு, சர்க்கரை. இத்தனை உப்பு விளைகிற ஊரில் மைதானத்தில் ஒரு சிட்டிகை உப்பு இல்லை, பாருங்கள். மேசையைத் தடத்தின் ஓரத்தில் போட்டு, கரைத்து, குவளைகளை நிரப்பி வைத்தோம். முதலில் சார் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இதை வச்சீங்க?"

"ரெஃப்ரியைக் கேட்டு."

"என் பிள்ளைங்க தொட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நஸ்ரினைப் பார்த்து விரலை ஆட்டினார்.

பன்னிரண்டரைச் சுற்று. முதல் சுற்றில் பதினான்கு பேரும் மேசையைப் பார்த்தார்கள், யாரும் கை நீட்டவில்லை. அவரவர் சார்கள் எல்லையில் நின்றார்களே! இரண்டாவது, மூன்றாவது, நான்காவது சுற்றிலும் அதேதான். நஸ்ரின் ஆறாவதாக ஓடிக்கொண்டிருந்தாள். முழுக்கைச் சட்டை நனையவே இல்லை. வியர்வை நின்றுபோன உடம்பு எனக்குப் பயம் காட்டியது. எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படி நின்றதுதான் அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான வேலை.

ஐந்தாவது சுற்றில், சார் நின்ற இடத்தைத் தாண்டி, அவர் பார்க்கப் பார்க்க நஸ்ரின் ஒரு குவளையை எடுத்தாள். பாதியைக் குடித்தாள், மீதியைத் தலைத்துணியில் கவிழ்த்துக்கொண்டாள். பின்னால் வந்தவள் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும். எட்டாவது சுற்றில் குவளை வைக்க எங்களுக்குக் கை போதவில்லை. "குடிங்க பிள்ளைகளா, குடிச்சிட்டு ஓடுங்க!" என்று அண்ணாச்சி கத்தினார். எந்தச் சாருடைய விசிலும் அதற்குப் பிறகு எடுபடவில்லை.

நஸ்ரின் மூன்றாவதாக வந்தாள். பதினான்கு பேரும் ஓடி முடித்தார்கள், ஒருத்திகூட விழவில்லை. எங்கள் சார் வந்தார். "தண்ணி குடிக்காம இருந்திருந்தா ஃபர்ஸ்ட்டே வந்திருப்பா" என்றார். சத்தியமாக இப்படித்தான் சொன்னார். "நஸ்ரின், வா போகலாம்" என்றார்.

"குடிச்சி முடிச்சிட்டு வாரேன் சார்" என்றாள் அவள்.

மாலையில் அவளோடு காயல்பட்டினம் போனேன். திருச்செந்தூர் சாலையில் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முள்ளக்காடு தாண்டும்போது இருபக்கமும் உப்பு அம்பாரங்கள், கட்டாயம் பாருங்கள். அவளுடைய உம்மா எனக்கு இஞ்சி டீ கொடுத்தார். "வாப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீ ஓடு" என்று மகளிடம் சொன்னார். இரவே இருவரும் விடுதிக்குத் திரும்பிவிட்டோம்.

போகிறவர்களுக்கு: மக்ரூனைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள், அறையில் வைத்தால் எறும்புக்குத்தான். நீண்ட ஓட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள், சிறப்பு விருந்தினர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். ஒரு கேன் தண்ணீர், உப்பு, சர்க்கரை கையோடு கொண்டு போங்கள். ரெஃப்ரியிடம் வாய் திறந்து கேளுங்கள். வயிறு பிடிக்கும் என்று யாராவது சொன்னால், அவரை நாக்கு வறள நாலு மணி நேரம் வெயிலில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் பேசச் சொல்லுங்கள்.

மறுநாள் காலை தொடர் ஓட்டம் இருந்தது. ஐந்தரைக்கே சார் சாக்குப் பையோடு வந்து கதவைத் தட்டினார். நஸ்ரின் திறந்தாள், கையில் பாட்டிலோடு. அவர் பையை விரித்துப் பிடித்தார். அவள் அங்கேயே நின்று மூடியைத் திறந்து குடித்தாள். அடுத்தடுத்த அறைகளின் வாசலிலும் பிள்ளைகள் பாட்டிலோடு நின்றார்கள். சார் ஒவ்வொரு வாசலாகப் போனார். கடைசி அறை வரைக்கும் பையில் எதுவும் விழவில்லை.