ஒன்பதாவது பல்

இதைச் சொன்னால் என் மனைவியே நம்புவதில்லை. நான் நிஜம் பேசிய சந்தர்ப்பங்கள் குறைவு என்பதால் அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இது நடந்தது. 1963 ஜனவரி, வைகுண்ட ஏகாதசி அன்று, பட்டப்பகலில். பேய் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்களுக்காகவே எழுதுகிறேன்.

அப்போது திருச்சி சத்திரம் பக்கம் ஒரு மோட்டார் பட்டறையில் நான் மெக்கானிக். அதற்கு முன் ஐந்து வருஷம், பட்டறையை ஒட்டிய நெல் மண்டியில் நெல் அளந்தவன். மண்டியில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டோம். ‘லாபம்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அப்புறம்தான் இரண்டு, மூன்று. வேலை மாறியது, வாய் மாறவில்லை. தாலியில் முதல் முடிச்சுப் போடும்போதுகூட ‘லாபம்’ என்று முணுமுணுத்துவிட்டேன். மாமனார் அதை இன்னும் மறக்கவில்லை.

திருவெள்ளறை ரெங்கராஜுக்கு நெல்லும் வாழையும் போதாமல் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரும் இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. அடுத்த ஞாயிறு சோழவரத்தில் கார் பந்தயம். நேர் ஓட்டத்தில் இன்னும் வேகம் வேண்டும் என்றார். அதற்குப் பின்பக்க அச்சில் உள்ள இரண்டு பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். எஞ்சின் பக்கத்தில் சின்னது, பினியன். அது சுழற்றுகிற பெரியது, கிரவுன். பழைய ஜோடியில் பத்துப் பல்லுக்கு நாற்பத்து மூன்று. புதிதாகப் போடுவதில் பத்துக்கு நாற்பத்தொன்று.

பழைய சாமான் கடை நஜிமுதீன் பாய் இரண்டையும் தனித்தனியாகத் தேடி ஜோடி சேர்த்துக் கொடுத்தார். கிரவுனில் 10/41 என்று தெளிவாகப் பொறித்திருந்தது. பினியன் முகத்தில் இருந்த எண்ணைத் துரு தின்றுவிட்டது. இரண்டும் பொருந்துமா என்பதுதான் கேள்வி. பொருந்தாத பினியனைப் போட்டால், போகிற வேகத்தில் பல் முறியும். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வண்டி புரளும்.

ஏகாதசிக்கு முதல் நாள் ரெங்கராஜ் மனைவியோடு வந்தார்.

“சீக்கிரம் முடிங்க நல்லுசாமி. சனிக்கிழமை கிளம்பணும்.”

அவர் மனைவி சந்திரம்மாளுக்கு ஏழாம் மாதம். அவர் வண்டியைச் சுற்றிப் பார்க்கப் போனதும் மெதுவாகச் சொன்னாள். “அண்ணே, இவரு ஜெயிக்கலைன்னா பரவாயில்லை. முழுசா திரும்பி வந்தாப் போதும்.”

“பத்துப் பொருத்தமும் பாத்துட்டுத்தான் போடுவேன்மா. பினியனுக்குச் செவ்வாய் தோஷம் இருக்கான்னுகூட...”

அவள் சிரிக்கவில்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மறுநாள் பட்டறையே சொர்க்கவாசல் பார்க்க ஸ்ரீரங்கம் போய்விட்டது. மண்டிக்கும் பூட்டு. நான் மட்டும் இருந்தேன். விரதம் வேறு. காலையில் சாப்பிட்ட ஆறு இட்லியைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

மணி 11.40. பினியனின் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டேன். அதில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தேன். “லாபம்... ரெண்டு... மூணு...” கோடு மறுபடி விரலடியில் வந்து நின்றபோது, “பத்து.” திருப்தி.

இரண்டையும் அச்சுக் கூட்டில் பொருத்தி, வெள்ளைத் துணி விரித்த மேஜைமேல் வைத்தேன். இன்னும் ஒரே சோதனை பாக்கி. செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பல்லில் தடவிச் சுழற்ற வேண்டும். உரசல் தடம் பல்லின் நடுவில் விழுந்தால் நல்லது. ஓரத்தில் விழுந்தால் ஆபத்து.

பசித்தது. தடம்தானே, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். செந்தூர டப்பாவை நான் தொடவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி 12.05. பின்கட்டுக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அப்போது யாரோ எண்ணுகிற சத்தம்.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

மெல்லிய குரல். ஒன்பதில் நின்றது. மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி ஒன்பதில் நின்றது.

மண்டியில் அளக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. மண்டி பூட்டியிருக்கிறது.

தவிர... மண்டிக்காரன் எவனும் ‘ஒண்ணு’ சொல்ல மாட்டான்.

மணி 12.09. உள்ளே வந்தேன். யாரும் இல்லை. தெருக்கதவு நான் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

டக்... டக்... டக்...

கிரவுன் சுழன்றுகொண்டிருந்தது. மெதுவாக. நான் பார்த்ததும் நின்றது.

செந்தூர டப்பா திறந்து கிடந்தது.

பற்களில் சிவப்பு. குனிந்து பார்த்தேன். உரசிய தடம் எல்லாப் பல்லிலும் ஓரத்தில்... விளிம்பில்... ஒன்றுகூட நடுவில் இல்லை.

வெள்ளைத் துணியில் விரல் தடங்கள். வலக்கை ஐந்து. இடக்கை நான்கு.

என் கைகளைப் பார்த்தேன். சோப்பு வாசனை. துளி சிவப்பு இல்லை.

“ஒண்ணு... ரெண்டு...”

இப்போது என் காதுக்குப் பக்கத்தில்.

ஓடவில்லை. தைரியத்தால் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதே நான்தான்.

“...எட்டு... ஒம்போது.”

“யா... யாருங்க?” மரியாதை தானாக வந்தது.

மூச்சு விடுகிற சத்தம்.

“ஒம்போதுதான் அண்ணே.”

அவ்வளவுதான். மணி 12.13.

பினியனைக் கழற்றினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ‘ஒண்ணு’ என்று ஆரம்பித்து எண்ணினேன். ஒன்பது. மூன்று தடவை எண்ணினேன். ஒன்பதேதான்.

நெல்லில் முதல் மரக்கால் சாக்குக்குள் போனால் போனதுதான். சக்கரத்தில் முதல் பல் சுற்றிக்கொண்டு திரும்ப வந்து நிற்கும். ‘லாபம்’ என்று தள்ளிய பல்லையே, கடைசியில் ‘பத்து’ என்றும் எண்ணியிருக்கிறேன்.

ரெங்கராஜ் என்னைத் திட்டிய திட்டு சோழவரம்வரை கேட்டிருக்கும். பந்தயத்துக்குப் போக முடியவில்லை. சந்திரம்மாள் மட்டும் மறுவாரம் ஒரு பூவன் தார் கொடுத்தனுப்பினாள்.

ஏகாதசிக்கு மறுநாளே பினியனைக் காகிதத்தில் சுற்றி நஜிமுதீன் கடைக்கு எடுத்துப் போயிருந்தேன்.

“பாய், இது எங்கேருந்து வந்துச்சு?”

“மணப்பாறை ரோட்ல நாலு வருஷம் முன்ன ஒரு வண்டி புரண்டுச்சே, அதுலேருந்து. கிரவுன் தூளாயிடுச்சு. இது மட்டும் மிஞ்சுச்சு. சவரிராயன்னு ஒரு பிட்டர் மாட்டினது. ஓட்டிப் பாக்கவும் அவனே போனான். பாவம், ஸ்பாட்லயே போயிட்டான்.”

“அவரு... இடது கை...”

“சுண்டுவிரல் கிடையாது. உனக்கு எப்படித் தெரியும்?”

“பல்லை எண்ணாமலா மாட்டினாரு?”

“எண்ணாம என்ன? என் முன்னாடிதான் எண்ணினான். பத்துன்னான். நானும் அதை நம்பித்தானே உனக்குக் கொடுத்தேன்.” பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அவனும் உன்னை மாதிரி மண்டியிலேருந்து வந்தவன்தான் நல்லு. சாகுற அன்னிக்கும் ‘லாபம்’னுதான் ஆரம்பிச்சான். அவன் வாயில ‘ஒண்ணு’ன்னு வந்து நான் கேட்டதே இல்ல.”

நான் கேட்டிருக்கிறேன்.