கம்பியா, தகடா

கார்ட்டூன் ஆரம்பிக்கும்போது ஓடுகிற இசையைக் கேட்டு, அதில் வாசிப்பது கம்பி பியானோவா தகடு பியானோவா என்று சொல்லும் விளையாட்டு ஓசூரில் நம் வீட்டைத் தவிர வேறு எங்கும் இருந்திருக்காது. பெரியவள் அப்போது நான்காவது. சின்னவன் ஒன்றாவது. விளையாட்டு உங்கள் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஒரு கோடை லீவில் ஏன் பட்டென்று நின்றுபோனது என்பது மட்டும் தெரியாது. அந்த நாட்களில் நான் பயந்ததுபோல் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை. நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். எனக்கு எழுத வருகிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில், எனக்கு ஏது பியானோ என்று நீங்கள் கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன்பு நான் சிப்காட் ஓரத்தில் ஒரு சின்ன லேத் பட்டறையில் இருந்தேன். ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுக்காரர் வந்தார். கன்னடக்காரர். என் வயதுதான் இருக்கும். கைக்குட்டையில் சுற்றி, உடைந்த எஃகுக் கம்பி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். பின்னல் ஊசி அளவு இருக்கும். "இதே மாதிரி பத்து பீஸ் வேணும் குரு, எங்கயும் கெடைக்கல" என்றார். மூன்று முறை கடைந்து கொடுத்தும் சரியாக வரவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே என்னைக் கூட்டிப்போனார்.

அங்கேதான் முதன்முதலாக ஒரு எலெக்ட்ரிக் பியானோவின் மூடியைத் திறந்து பார்த்தேன். வெளிநாட்டில் எழுபதுகளில் செய்தது, யார் யார் கையோ மாறி வந்தது. கட்டையை அழுத்தினால் உள்ளே சின்னச் சுத்தியல் ஒன்று எழும்பி எஃகுக் கம்பியைத் தட்டுகிறது. கம்பி அதிர்கிறது. பக்கத்தில் காந்தமும் சுருளும் இருந்து அந்த அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. சுருதி சேர்க்க, கம்பிமேல் ஒரு குட்டி ஸ்பிரிங்கை முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். அவரிடம் இன்னொரு பெட்டியும் இருந்தது. அதில் கம்பிக்குப் பதில் நாக்கு மாதிரி தட்டையான எஃகுத் தகடு. தகட்டின் நுனியில் ஈயப் பற்று வைத்திருந்தது. அதைக் கொஞ்சம் சீவினால் சுருதி ஏறும்.

"கேளு குரு" என்று இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தார். "கம்பியில மொதல்ல மேல ஒரு மணி, டிங். அதுக்கு அடியில ஊன்னு ஒண்ணு. தகட்ல மணி கெடையாது. மெதுவா தொட்டா பூனை, ஓங்கி அடிச்சா நாய்."

நான் கண்ணை மூடிக்கொண்டு பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னேன். "உன் காது நம்ம குரூப்ல யாருக்கும் இல்லப்பா" என்றார். பட்டறைக்காரனை யாராவது புகழ்ந்தால் அவன் அதைச் சாகும்வரை மறக்கமாட்டான். நானும் மறக்கவில்லை.

அந்தக் காதுதான் எனக்குக் கம்பெனி வேலையும் வாங்கிக் கொடுத்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பிரேக் டிரம் வார்க்கிற கம்பெனி. பிரேக் டிரம் என்பது சக்கரத்துக்குள் இருக்கும் கனமான இரும்பு வளையம். டிரைவர் பிரேக்கை மிதித்தால், உள்ளேயிருந்து அழுத்திப் பிடிப்பது அதைத்தான். வார்த்த டிரம்மில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ரிங் டெஸ்ட் செய்வார்கள். கொக்கியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல டிரம் ணங் என்று நீளமாக இழுக்கும். பெரிய விரிசல் என்றால் டொப் என்று செத்த சத்தம் வரும், அதை யாரும் கண்டுபிடிப்பார்கள். மயிரிழை விரிசல்தான் ஆபத்து. அதுவும் ணங் என்றுதான் சொல்லும். ஆனால் அந்த ணங்கின் வாலில் மெல்லிசாக ஒரு கரகரப்பு இருக்கும். அதைக் கேட்கிறவனுக்குத்தான் அந்த இடம். நான் தட்டி நல்லது என்று விட்ட டிரம்மில் பச்சைப் பொட்டு வைப்பேன். பக்கத்து ஸ்டாண்டில் கிருஷ்ணகிரிக்கார பாய் ஒருவர் தட்டுவார், அவர் பொட்டு மஞ்சள்.

பக்கத்து ஷெட்டில் நாள் முழுக்க இரும்பைச் சாணை பிடிக்கும் சத்தம். எல்லோருக்கும் காதில் வைக்க இயர் பிளக் கொடுப்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கிடையாது. காதை அடைத்துக்கொண்டால் டிரம்மை எப்படிக் கேட்பது? அதை நாங்கள் பெருமையாகவே வைத்திருந்தோம். காதை நம்பித்தான் வேலை என்று அதைத் திறந்தே வைத்திருந்தேன்.

வீட்டில் உங்கள் பழைய அமெரிக்க கார்ட்டூன்களில் பாதிக்கு மேல் அந்தப் பியானோக்கள்தான். நான் சொல்லிக் கொடுத்து நீங்களும் பிடித்துக்கொண்டீர்கள். பாட்டு ஆரம்பித்ததும் சின்னவன் கட்டில்மேல் ஏறி நின்று "கம்பியா தகடா?" என்று கத்துவான். ஒரு நரி ஓட்டை ஜீப் ஓட்டுமே, அந்தக் கார்ட்டூன் கம்பி என்று முதல் வருஷமே நான் சொல்லியிருந்தேன். அது இடையில் நின்றுபோய், அந்தக் கோடை லீவில் மறுபடி ஒளிபரப்பானது.

சனிக்கிழமை சாயங்காலம். பாட்டு வந்தது. "தகடு" என்றேன்.

"அப்பா, நீங்கதானே அன்னிக்கி கம்பின்னு சொன்னீங்க" என்றாள் பெரியவள்.

"இல்ல கண்ணு, மணியே இல்ல பாரு. தகடுதான்."

"மேல மணி அடிக்குதுப்பா! டிங் டிங்னு நல்லாவே கேக்குது."

"ஸ்பீக்கர் போயிருக்கும்" என்று எழுந்துபோய் டிவியின் தலையில் ரெண்டு தட்டு தட்டினேன்.

"ஏங்க, டிவிய ஏன் ஒடைக்கறீங்க? எனக்குந்தான் கேக்குது" என்றாள் உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து. "ஒங்களுக்குத்தான் வயசாயிடுச்சி."

சின்னவன் கைகொட்டிச் சிரித்தான். "அப்பா அவுட்டு, அப்பா அவுட்டு" என்று பெரியவளும் சேர்ந்துகொண்டாள். நான் அவளைப் பார்த்து, "வாயாடாத, போய் நோட்ட எடு" என்று கத்தினேன். லீவில் ஏது நோட்டு? அவள் முகம் சுருங்கிப்போய் எழுந்து உள்ளே போனாள். திருவிழாவில் வாங்கிய முத்துக் கொலுசு அவள் காலில் இருந்தது. அடி எடுத்து வைக்க வைக்க முத்துக்கள் ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"கண்ணு, இங்க வா, அப்பா சும்மாதான் கத்தனேன்" என்று திரும்பக் கூப்பிட்டு, கொஞ்சம் நடக்கச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தாள். ஒன்றும் இல்லை. குனிந்து காதை அவள் காலருகே கொண்டுபோன பிறகு, எங்கோ தூரத்தில் கேட்பதுபோல லேசாக வந்தது.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் கம்பெனிக்குப் போனேன். புது ஆட்களுக்குப் பழக்கிக் காட்டுவதற்காக மயிரிழை விரிசல் விட்ட ஒரு டிரம்மைச் சிவப்புப் பெயிண்ட் அடித்து மூலையில் வைத்திருப்பார்கள். அதைக் கொக்கியில் மாட்டித் தட்டினேன். ணங் என்றது. வால் சுத்தமாக இருந்தது. இன்னொரு முறை தட்டினேன். சுத்தம். சிவப்பு அடித்திருக்காவிட்டால் அதற்கு நானே பச்சைப் பொட்டு வைத்திருப்பேன்.

பாய் வந்தார். "பாய், இத ஒரு தட்டு தட்டுங்களேன்" என்றேன்.

"அது செவப்பு பீசுய்யா. தெரிஞ்ச பொணத்துக்கு நாடி பாக்கச் சொல்றியா?"

"சும்மா தட்டுங்க."

தட்டினார். "கரகரன்னு கெடக்குது. ஏன், ஒனக்குக் கேக்கல?"

"கேக்குது, கேக்குது" என்றேன்.

அந்தப் பொய்யோடு ஒரு வாரம் வேலை செய்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்பது முதல் பயம். அந்த வேலைக்குக் காதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. இரண்டாவது பயம் அதைவிடப் பெரியது. என் காது எப்போதிலிருந்து இப்படி? போன வாரமா? பொங்கலிலிருந்தா? அதற்குள் எத்தனை டிரம்முக்குப் பச்சைப் பொட்டு வைத்திருப்பேன்? அந்த வாரம் கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் டிரம்மை ஒதுக்கினேன். ஒதுக்கியது குவிந்து, சூப்பர்வைசர், "என்னய்யா, எல்லாத்தயும் ஒதுக்கற, வீட்ல சண்டையா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன். சாயங்காலம் சைக்கிளில் வரும்போது ஹைவேயில் போகிற ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் பார்ப்பேன். உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

அடுத்த ஞாயிறு உங்களை வேப்பனப்பள்ளியில் உங்கள் அம்மாவின் பிறந்த வீட்டில் விட்டுவர பஸ் ஏறினோம். மாங்காய் சீசன். ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டீர்கள். யானை நடமாடும் சானமாவு காட்டுச் சரிவில் இறங்கும்போது பஸ் திடீரென்று குலுங்கியது. எல்லோரும் முன் சீட்டில் போய் முட்டிக்கொண்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டீர்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பஸ் நின்றது.

"அப்பா, என்னா சத்தம்பா! காது கிழிஞ்சி போச்சி" என்றான் சின்னவன்.

"யானையா? யானையா?" என்று ஜனங்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். யானை இல்லை. முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது, அதைப் பார்த்து டிரைவர் போட்ட பிரேக்கின் கீச்சுதான் அந்தச் சத்தம். அதன் பின்சக்கரத்துக்கும் நம் பஸ்ஸின் மூக்குக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. எல்லோரும் காட்டைப் பார்த்தார்கள். நான் அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். இந்த பஸ்ஸில் இருக்கும் டிரம்மில் எந்த நிறப் பொட்டு என்று நினைத்தேன். சின்னவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "விடுங்கப்பா, வேர்க்குது" என்று திமிறினான். குருபரப்பள்ளியில் இறங்கி வண்டி மாறும்வரை விடவில்லை.

மறுநாள் காலையில் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் தெலுங்குக்காரர், சத்தமாகப் பேசுகிறவர். அவர் பேச்சு எனக்கு எப்போதும் நன்றாகக் கேட்டது. அதனால்தான் இவ்வளவு நாள் தெரியாமல் போயிருக்கிறது.

"சார், எனக்குக் கரகரப்பு கேக்கல. செவப்பு பீசு நல்ல பீசு மாதிரி கேக்குது."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தேவுடா. எத்தன நாளா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா என்னய்யா அர்த்தம்?"

"எப்போ இருந்துன்னு நெஜமாவே தெரியல சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேராகப் போய் அன்றைக்குக் கிளம்ப இருந்த லோடை நிறுத்தினார். குடோனில் இருந்த பச்சைப் பொட்டு டிரம்களை எல்லாம் பாய் மறுபடி தட்டினார். சந்தேகப்பட்டதன்மேல் சிவப்பு மையைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மை வெள்ளையில் கோடாக எழும்பி வரும். நான் பக்கத்திலேயே நின்றேன். மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றில் வந்தது. முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் என் பச்சைப் பொட்டு.

"ஒண்ணுதானய்யா" என்றார் பாய், என் தோளைப் பிடித்து.

"முன்னாடி போனது, சார்?" என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

"லாரி கம்பெனி யார்டுல இருக்கறத திரும்ப வரவெக்கலாம். பேசிட்டேன். அதுக்கும் முன்னாடி போனது ரோட்ல போவுது. அதுக்கு நான் என்னா செய்ய?"

காது டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்து காட்டினார். இடப்பக்கம் தாழ்ந்த சுருதியில் நேராக வந்த கோடு, வலப்பக்கம் சுருதி ஏற ஏறச் சரிந்து விழுந்திருந்தது. மணி, கொலுசு, கரகரப்பு எல்லாம் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன, போனது திரும்பாது என்றார். கம்பெனி என்னை வெளியே அனுப்பவில்லை. ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். முதல் நாளே என் கையிலும் ஒரு ஜோடி இயர் பிளக் கொடுத்தார்கள். பாய்க்கும் சாணை ஷெட்டைத் தாண்டி, கதவு போட்ட ஒரு தனி அறை கட்டிக் கொடுத்தார்கள்.

லீவு முடிந்து நீங்கள் வந்தீர்கள். நரி ஜீப்பில் வந்தது. சின்னவன் கட்டில்மேல் ஏறி "கம்பியா தகடா?" என்றான். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அப்படியே இரண்டு மூன்று முறை. அப்புறம் நீங்கள் கேட்பதை விட்டுவிட்டீர்கள். அப்பாவுக்கு நம்மோடு விளையாடப் பிடிக்கவில்லை என்று பெரியவள் அம்மாவிடம் சொன்னாளாம். அது இல்லை காரணம். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, கண்ணு. கம்பிதான். மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்காக உன்மேல் கத்தியது என் தப்பு.

ரோட்டில் போனவற்றைப் பற்றி இதுவரை எந்தச் செய்தியும் என்னிடம் வரவில்லை. வரவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பேப்பரில் லாரி படம் இருந்தால் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மடிப்பேன். பஸ்ஸில் உங்களோடு போகும்போது நான் ஏன் ரோட்டைப் பார்க்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று போன மாதம்கூடக் கேட்டீர்கள். சானமாவுச் சரிவு வரும். நீங்கள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்துவீர்கள். பிரேக் பிடிக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.