முதலை பார்க்கப் போனோம்

சண்டை முடிந்த பிறகுதான் எங்கள் ஊர் வடிவான ஊர் என்று எங்களுக்கே தெரியவந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து, கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் படம் எடுத்தார்கள். அதே பாலத்தில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு தலை குனிந்து நடந்தவள் நான். 'அடியே, இவ்வளவு தண்ணியும் இஞ்சதான் கிடந்ததா' என்று தோன்றியது. என் மனிசனுக்கும் ஆசை வந்தது. இறால் பிடித்த தோணிக்கு நீலச் சாயம் அடித்து, நடுவில் பிளாஸ்டிக் கதிரை போட்டு, "முதலை காட்டுறன், வாங்க" என்று கூப்பிடத் தொடங்கினார்.

அந்தத் தோணியில்தான் அக்காவை ஏற்றினேன். ஆனால் காரணம் முதலை இல்லை. கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே, அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டு வளவு கிடந்தது. எங்கள் பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். சுனாமி அங்கே இருந்த வீட்டையும் அத்தானையும் ஒரே காலையில் கொண்டு போனது. மகளைக் கூட்டிக்கொண்டு படுவான்கரைக்கு, வயல் பக்கம் போன அக்கா, கடல் இருக்கிற திசைக்கே திரும்பவில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. அந்த வளவில்தான் வீடு கட்டி இருப்பேன் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். "கடலுக்கு இன்னொரு ஆளைக் குடுக்க மாட்டன்" என்றாள் அக்கா. தாய்க்கும் மகளுக்கும் பேச்சே இல்லை. எப்படியாவது அக்காவை அந்த வளவில் கொண்டுபோய் இறக்கிவிட நினைத்தேன்.

"வாவியில போவம் கா. கடல் பக்கம் தலை வைக்கவே மாட்டம்" என்றேன். பச்சைப் பொய்.

"வாவியோட எனக்கென்ன கோவம்" என்று அக்கா ஏறினாள்.

புளியந்தீவுக் கோட்டை மதிலைத் தாண்டியதும் என் மனிசன் புழுகத் தொடங்கினார். "அங்க பாருங்க மச்சாள், முதலை!" கிட்டப் போனால் தென்னங்குற்றி. அடுத்த முதலை பழைய ரயர்.

"உங்கட முதலைக்குக் காத்து அடிக்க வேணும் போல" என்றாள் அக்கா. அவள் பகிடி விட்டு எத்தனை காலம்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்டல் மரங்களை நெருங்கும்போது கொக்கெல்லாம் ஒரே மூச்சில் எழும்பின. கடல் வருவதற்கு முதலே பறவையும் மிருகமும் ஓடிவிட்டன என்று சுனாமிக்குப் பிறகு ஊர் முழுக்கக் கதைத்தார்களே, அந்தக் கதை எனக்குள் எங்கே பதுங்கி இருந்ததோ தெரியாது.

"ஐயோ, கடல் வருது! ஓடுங்க!" என்று கத்திவிட்டேன்.

தோணிக்குள் எங்கே ஓடுவது? என் மனிசன் அதைக்கூட யோசிக்காமல் துடுப்பை விட்டுவிட்டுத் தண்ணிக்குள் பாய்ந்தார். முதலை இருக்கு, முதலை இருக்கு என்று ஊரெல்லாம் சொன்ன மனிசன்! கரையில் வலை காயப்போட்டவர் வலையையும் இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடினார். எங்கள் ஊரில் இந்த ஒரு சொல்லுக்கு யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நான் கதிரைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டேன். முதுகில் அக்காவின் கை பட்டது.

"எழும்புகா, விசரி. மேல பாரு, பருந்து. அதுக்குத்தான் கொக்கு எழும்பினது. எங்கட வயலில நாளும் நடக்கிறதுதானே."

நிமிர்ந்தேன். பருந்து ஒன்று அவசரமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்பளவு தண்ணியில் நனைந்த சாரத்தோடு நின்ற என் மனிசன், "கீழ பாறை இருக்கோ எண்டு பாத்தன்" என்றார். அக்கா சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். மறுகா, கொஞ்சம் பொறுத்து, சிரிப்பு நின்றது.

"நீயும் இன்னும் பயந்துதான் கிடக்கிறியா? நான் மட்டும் எண்டு நினைச்சன்."

"இஞ்ச ஆருக்குப் பயமில்ல?" என்றேன். "பயத்தோடதான் சோறாக்கிறம். பயத்தோடதான் பிள்ளை பெறுறம்."

அக்கா மிதந்துகொண்டிருந்த துடுப்பை எட்டிப் பிடித்துத் தோணிக்குள் போட்டாள். மறுகா, "தோணியை வளவுக் கரையில விடச் சொல்லு" என்றாள்.

வளவில் கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது, அடம்பன் கொடி மூடி. அக்கா அதைத் தாண்டி நேரே மணலுக்கு நடந்தாள். என் கையை நோக நோகப் பிடித்திருந்தாள். அலை வந்து காலைத் தொட்டதும் கையை விட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பயிருக்குள் இறங்கிய மாட்டைப் பார்ப்பது போலக் கடலைப் பார்த்தாள்.

"இஞ்ச பார். அவரைக் கொண்டுபோனாய், நான் ஒண்டும் கேக்கல்ல. இனி என்ட பிள்ளை இஞ்ச குடியிருக்க வாறாள். ஒழுங்கா இரு, சொல்லிப்போட்டன்."